இருப்பு யார் வீட்டில்?

(உத்திரமேரூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவியவர் ஒரு கணக்கு ஆசிரியர். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதியை வங்கியில் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடக்கட்டும் என்று எழுதிவைத்தார். முதலைத் தொடக்கூடாது, வட்டி மட்டும் ஓடலாம். இன்று நான் பேச வந்ததும் ஏறக்குறைய இதைத்தான். எதை இருப்பில் வைப்பது, எதை ஓடவிடுவது, அந்த இருப்பை யார் காப்பது?

நான் எழுத்தாளனோ பேராசிரியனோ இல்லை, ஸ்டோர்ஸ்காரன். கார், லாரி உதிரிபாகம் செய்யும் ஆலைகளில் முப்பது ஆண்டுகள் சரக்கு எண்ணியே காலம் கழித்தவன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஸ்டோர்ஸ் நிறைந்திருந்தால் முதலாளிக்குச் சந்தோஷம். ஓய்வு பெறும்போது ஸ்டோர்ஸ் காலியாக இருந்தால் முதலாளிக்குச் சந்தோஷம். இந்த இரண்டு சந்தோஷங்களுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்த முறைக்கு ‘ஜஸ்ட் இன் டைம்’ என்று பெயர். வேண்டிய பொருள், வேண்டிய அளவில், வேண்டிய நேரத்தில் வந்து சேர வேண்டும். முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம்.

காலி வாளி

இந்த முறையை விளங்கிக்கொள்ள ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு கல்யாணப் பந்திக்குப் போனால் போதும்.

கைதேர்ந்த பரிமாறுபவர் இலையைப் பார்த்தபடி நடப்பார். கூட்டு தீர்ந்த இலையில் கூட்டு வைப்பார், சோறு மிச்சமிருக்கும் இலையைத் தாண்டிப் போவார். கையிலிருக்கும் சாம்பார் வாளி காலியானால் அது சமையல்கட்டுக்குத் திரும்பும். அந்தக் காலி வாளிதான் சமையல்காரருக்கு உத்தரவு. யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டாம். வாளி வந்தால் ஊற்று. வராவிட்டால் அடுத்த பந்திக்கு அரிசியைக் களை. ஜப்பானியர் ‘கான்பான்’ என்று சொல்லும் அட்டை இந்த வாளி செய்கிற வேலையைத்தான் செய்கிறது. பெட்டியில் இருந்த போல்ட் தீர்ந்ததும் அதிலிருந்த அட்டை, போல்ட் செய்யும் இடத்துக்குத் திரும்பிப் போகும். அட்டை வந்தால் செய், வராமல் செய்யாதே. எத்தனை அட்டை புழக்கத்தில் இருக்கிறதோ அத்தனை பெட்டிக்கு மேல் ஆலையில் சரக்கு சேரவே முடியாது.

இதற்கு நேர்மாறான பந்தியும் உண்டு. இலைக்கு இரண்டு கரண்டி என்று கணக்கு வைத்து, வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் ஊற்றிக்கொண்டே போவது. பந்தி முடிந்தபின் இலையை எடுப்பவரைக் கேளுங்கள், எவ்வளவு வீணானது என்று அவர் சொல்வார். மாத இலக்கு என்ற ஒன்றுக்காக, கேட்பார் இருக்கிறாரா என்று பாராமல் செய்து குவித்த ஆலைகளின் பின்கட்டில் நான் அந்த இலைகளைப் பார்த்திருக்கிறேன். துருப்பிடித்த பாகங்கள், மாடல் மாறியபின் யாருக்கும் உதவாத பாகங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊரில் இது நடந்தது.

நம் கணக்கு ஆசிரியரை நினைத்து ஒரு சின்னக் கணக்கு. மண்டபத்துக்கு மணிக்கு 200 பேர் சாப்பிட வருகிறார்கள். ஒருவர் சாப்பிட்டு எழ அரை மணி நேரம் ஆகிறது என்றால், 100 இலை போட இடம் வேண்டும். அதே ஆட்கள் இருபது நிமிடத்தில் எழுந்தால் 67 இலைக்கு இடம் போதும். வரும் வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருக்கும் எண்ணிக்கை கிடைக்கும். இதை 1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கணித முறைப்படி நிறுவினார். ஆலையில் சரக்கு குறைய வேண்டுமானால் அது தங்கும் நேரம் குறைய வேண்டும். காத்திருக்கும் நேரம்தான் சரக்காகக் குவிந்து கிடக்கிறது. இந்த வரியை மட்டும் நினைவில் வையுங்கள்; கடைசியில் இதற்குத்தான் திரும்பி வருவேன்.

தறியிலிருந்து வந்த கார்

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நின்று இதைச் சொல்வதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. டொயோட்டா காரின் பூர்வீகம் ஒரு தறி. சகிச்சி டொயோடா என்பவர் தச்சர் மகன், தறி செய்தவர். 1924இல் அவர் உருவாக்கிய தானியங்கித் தறியின் சிறப்பு அதன் வேகத்தில் மட்டும் இல்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் அது தானாக நின்றுவிடும். இழை அறுந்தது தெரியாமல் ஓடும் தறி, நல்ல நூலையும் சேர்த்துக் கெடுக்கும் என்று இங்கே நெசவாளி வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தக் கண்ணை அவர் இயந்திரத்துக்குக் கொடுத்தார். 1929இல் அதன் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு 1,00,000 பவுண்டுக்கு விற்றார்கள்.

அவர் மகன் கீச்சிரோ 1937இல் கார் நிறுவனத்தைத் தொடங்கினார். ‘ஜஸ்ட் இன் டைம்’ என்ற சொல்லை, அடுத்த ஆண்டு திறந்த கொரோமோ ஆலையில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. போர் வந்தது, எல்லாம் கலைந்தது. போருக்குப்பின் கையில் காசில்லை. 1950இல் நிறுவனம் திவாலின் விளிம்புக்கே போனது. ஆட்குறைப்பு, போராட்டம், கடைசியில் கீச்சிரோவே பதவி விலகினார். அப்படிப்பட்ட நிறுவனத்தில் தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர் இந்தச் சொல்லுக்கு உடலும் உயிரும் கொடுத்தார். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்துப்போன அளவுக்கு மட்டும் அலமாரியை நிரப்புவதை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். அவருக்குப் பந்தி தெரிந்திருந்தால் சூப்பர் மார்க்கெட்டைத் தேடியிருக்க மாட்டார்.

ஆக, இது பணக்காரனின் முறையாகப் பிறக்கவில்லை. கிடங்கு கட்டவும் சரக்கில் பணம் முடக்கவும் வழியில்லாதவன் கண்ட முறை இது. அதனால்தான் அவர்கள் முதலில் கை வைத்தது சரக்கின் மேல் இல்லை. சரக்கு ஏன் குவிகிறது என்ற காரணத்தின் மேல்.

காரணத்தை நம் தறியில் வைத்தே பார்ப்போம். காஞ்சிபுரத்தில் ஒரு பாவில் பொதுவாக மூன்று சேலை நெய்வார்கள். ஏன் ஒரு சேலைக்கு ஒரு பாவு போடுவதில்லை? பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க நாள் கணக்கில் ஆகும். மாற்றுவது கடினமாக இருந்தால் ஒரே மாதிரி நிறையச் செய்துவிடத்தான் மனசு போகும். ஆலையில் பிரஸ் இயந்திரத்தின் அச்சும் அப்படித்தான். டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றில் அச்சு மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. 1969 வாக்கில் ஷிகியோ ஷிங்கோ என்பவர் அதை முதலில் ஒன்றரை மணியாகவும் பிறகு மூன்று நிமிடமாகவும் குறைத்தார். இயந்திரம் ஓடும்போதே அடுத்த அச்சைத் தயாராக வைப்பது, ஒரே உயரத்தில் அச்சுகளை அமைப்பது, முப்பது சுற்று திருக வேண்டிய போல்ட்டுக்குப் பதில் ஒரே திருகில் இறுகும் பிடி வைப்பது என்று எல்லாம் சின்னச் சின்ன வேலைகள்தான். மாற்றுவது எளிதானபின் 5,000 பாகம் செய்து குவிக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. 50 போதும்.

இதோடு சகிச்சியின் தறி கொடுத்த பாடமும் சேர்ந்தது. கையில் உபரி இல்லாதபோது ஒரு பாகம் பழுதென்றால் லைன் நின்றுவிடும். ஆகவே பழுதைக் கண்ட தொழிலாளி யாராக இருந்தாலும், தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம். இழுத்தால் விளக்கு எரியும், மேற்பார்வையாளர் ஓடி வருவார், தேவையென்றால் லைன் நிற்கும். இந்த முறைக்குக் கால்கள் இரண்டு: நேரத்துக்கு வருவது ஒன்று, நிறுத்தும் உரிமை மற்றொன்று. நம் ஊருக்கு வரும்போது முதல் கால் வேகமாக நடந்து வந்தது. இரண்டாவது கால் சற்று நொண்டியது.

பெரும்புதூர்ச் சாலை

பர்மிட் காலத்தை இங்கே வயதானவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எஃகுக்கு அனுமதி, இறக்குமதிக்கு உரிமம். கிடைக்கும்போது வாங்கி அடுக்காதவன் முட்டாள் என்று இருந்த நாட்கள் அவை. அன்று மூன்று மாத இருப்பு வைத்தவரை இன்றைய புத்தகத்தைக் கொண்டு குறை சொல்வது நியாயமில்லை. வரத்து நிச்சயமில்லாத இடத்தில் இருப்புதான் அறிவு.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதோடு ஜப்பானிய உற்பத்தி முறையும் நம் நாட்டின் உதிரிபாகக்காரர்களுக்கு அறிமுகமானது. தமிழ்நாட்டில் பாடியிலுள்ள சுந்தரம்-கிளேட்டன் 1998இல், தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் விருதைப் பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் டி.வி.எஸ். மோட்டார், பிரேக்ஸ் இந்தியா போன்றவையும் அதே விருதைப் பெற்றன. ஜப்பானியப் பேராசிரியர்கள் வந்து, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, “இந்தப் பெட்டி ஏன் இங்கே நிற்கிறது?” என்று ஐந்து முறை “ஏன்” கேட்ட காலம் அது. எங்களுக்கெல்லாம் மாமியார் வீட்டுக்கு வந்த மருமகள் போல இருந்தது. ஆனால் அந்த ஐந்து கேள்விகள் எங்களை ஆளாக்கின என்பதை மறைக்க மாட்டேன். பழுது குறைந்தது, இடம் பெருகியது, விபத்தும் குறைந்தது.

1996இல் ஹூண்டாய் நம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்தது. 1998இல் சான்ட்ரோ வெளிவந்தது. கூடவே கொரிய உதிரிபாக நிறுவனங்களும் வந்து சுற்றிலும் அமர்ந்தன. பிறகு ஒரகடம், வல்லம்-வடகால் என்று சிப்காட் பூங்காக்கள் விரிந்தன. ரெனோ-நிஸ்ஸான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு எல்லாம் வந்தன. இந்த ஆலைகள் பக்கம் பக்கமாக இருப்பதற்குக் காரணமே நேரம்தான்.

ஒரு காரின் இருக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். வண்ணம் பூசிய கூடு லைனுக்குள் நுழையும்போது, “இது இன்ன மாடல், இன்ன நிறம்” என்ற செய்தி இருக்கை செய்யும் ஆலைக்குப் போகும். அந்தக் கார் இருக்கை மாட்டும் இடத்துக்கு வந்து சேர்வதற்குள், அதற்கான இருக்கை தயாராகி, லாரியில் ஏறி, முன்னால் வரும் கார்களின் வரிசை மாறாமல் அடுக்கப்பட்டு வந்து இறங்க வேண்டும். மூன்றாவது காருக்கு உரிய சிவப்பு இருக்கை நான்காவதாக வந்தால் அன்றைக்கு லைனில் நடக்கும் கூத்தைப் பார்க்க வேண்டும்! வேலை பார்ப்பவர்கள் இதை நாலே வார்த்தையில் சொல்வார்கள்: “பார்ட் ஷார்ட்டேஜ், லைன் நின்னுடுச்சு.”

பல சின்ன ஆலைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கு எடுத்துவர ஒரே லாரி சுற்றி வரும். அதற்கு அந்தத் துறையில் ‘மில்க் ரன்’ என்றே பெயர். பால் வண்டியைப் பார்த்து வைத்த பெயர். விடியற்காலையில் நம் ஊர்ச் சங்கங்களில் கேன் எடுக்கும் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கறந்த பால் காத்திருக்காது. மாடு, சங்கம், குளிர்விப்பு மையம், பால் பண்ணை என்று கடிகாரம் பார்த்து ஓடும் இந்தச் சங்கிலியைப் பள்ளிப் படிப்பு முடிக்காத நம் தாய்மார்கள் ஒரு நாளைக்கு இரண்டு வேளை நடத்துகிறார்கள். ஆனால் கவனியுங்கள், அங்கேயும் நடுவில் ஒரு குளிர்விப்புத் தொட்டி இருக்கிறது. ஓட்டம் ஓட்டமாக இருப்பதற்கே, சரியான இடத்தில் ஒரு சின்ன இருப்பு வேண்டியிருக்கிறது.

நின்றுபோன நாட்கள்

1997 பிப்ரவரி 1ஆம் தேதி விடியற்காலை. ஜப்பானின் கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை ஒன்று எரிந்தது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் போகும் கைக்கடக்கமான வால்வு ஒன்றை ஏறக்குறைய முழுக்க முழுக்க அந்த ஓர் ஆலைதான் செய்துகொண்டிருந்தது. கையிருப்பு சில மணி நேரத்துக்கு மட்டுமே. ஜப்பானில் டொயோட்டா ஆலைகள் நின்றன. ஆனால் ஒரு வாரத்துக்குள் மீண்டன. பல பத்து நிறுவனங்கள், அவற்றில் தையல் இயந்திரம் செய்யும் ஒரு நிறுவனமும் உண்டு, வரைபடத்தை வாங்கிக்கொண்டு தங்கள் பட்டறைகளில் வால்வு செய்து கொடுத்தன. முதலில் ஒப்பந்தமும் பேசவில்லை, விலையும் பேசவில்லை. இருப்பில்லாத இடத்தில் உறவு இருப்பாக நின்றது.

அதற்கு முந்திய ஆண்டு, 1996 மார்ச்சில், அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஜெனரல் மோட்டார்ஸின் இரண்டு பிரேக் ஆலைகளில் சுமார் 3,000 பேர் 17 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வட அமெரிக்காவில் அந்த நிறுவனத்தின் பெரும்பாலான கார் ஆலைகள் நின்றுபோயின. அங்கே உறவு இல்லை. ஆகவே இருப்பில்லாமை பேரமாக மாறியது.

நம் கதைக்கு வருவோம். 2015 டிசம்பர் முதல் வாரம் யாருக்கும் மறந்திருக்காது. ஹூண்டாய், ஃபோர்டு, ரெனோ-நிஸ்ஸான் ஆலைகள் மழையில் உற்பத்தியை நிறுத்தின. அப்போது நான் வேலை பார்த்த உதிரிபாக ஆலையின் லாரி ஒன்று வாலாஜாபாத் பக்கம் தண்ணீரில் மாட்டிக்கொண்டது. “எப்படியாவது கொண்டு சேர்” என்று ஓட்டுநரைப் போனில் விரட்டியவன் நான்தான். இரண்டு இரவு அவர் வண்டிக்குள்ளேயே இருந்தார். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, சரக்கை வாங்க வேண்டிய ஆலையே மூடிக் கிடக்கிறது என்று. அந்த இரண்டு இரவுக்கும் அவருக்கு எந்தப் படியும் எழுதப்படவில்லை. ‘காத்திருப்பு’ என்று எங்கள் வவுச்சரில் ஒரு கட்டமே இல்லை. அந்த வவுச்சரை அச்சடிக்கக் கொடுத்ததும் என் பிரிவுதான்.

பிறகு 2021. கொரோனாவுக்குப்பின் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு. அந்த செப்டம்பரில் வழக்கமான உற்பத்தியில் 40 சதவீதம் அளவே செய்ய முடியும் என்று மாருதி அறிவித்தது. விரல் நகம் அளவுள்ள பொருள் இல்லாமல் முழுக் கார்கள் காத்து நின்றன. அந்த நேரத்தில் ஒப்பீட்டளவில் தாக்குப்பிடித்தது யார் தெரியுமா? ஜஸ்ட் இன் டைமைக் கண்டுபிடித்த டொயோட்டா. 2011 மார்ச் 11 பூகம்பத்தில் பட்ட அடிக்குப்பின், சிப் போன்ற கிடைக்க நாளாகும் பொருட்களை இரண்டு முதல் ஆறு மாதம்வரை இருப்பில் வைக்கும்படி அது தன் சப்ளையர்களுக்குச் சொல்லியிருந்தது. சொன்னதோடு விடவில்லை. ஆண்டுதோறும் அவர்களிடம் கேட்கும் விலைக் குறைப்பில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்து அந்தச் செலவை ஈடுகட்டியது.

திருமுக்கூடல் கோயில் சுவருக்கு இது புதிய செய்தி இல்லை. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திரன் காலக் கல்வெட்டு, அங்கே நடந்த வீரசோழன் ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்கிறது. 15 படுக்கை, மருத்துவர், மூலிகை கொண்டுவருபவர், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், அவரவருக்கு எவ்வளவு என்ற கணக்கு எல்லாம் அதில் உண்டு. ஓர் ஆண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்ப் பட்டியலும் உண்டு. சோறு அன்றன்று ஆக்கலாம். மருந்தை நோய் வந்தபின் இடிக்க முடியாது. எது சோறு, எது மருந்து என்று பிரித்தறிவதுதான் ஸ்டோர்ஸ்காரனின் முழுக் கல்வியும்.

இருப்பு எங்கே போனது?

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். முப்பது ஆண்டுகளில் ‘இருப்பு பூஜ்யம்’ என்று பலகை மாட்டிய ஆலைகளைப் பார்த்திருக்கிறேன். பலகையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், நெடுஞ்சாலை ஓரத்தில் சரக்கு ஏற்றிய லாரிகள் வரிசையாக நிற்கும். பக்கத்துத் தெருவில் சப்ளையர் வாடகைக்கு எடுத்த கிடங்கில் பத்து நாள் சரக்கு அடுக்கியிருக்கும். தாமதமானால் அபராதம் என்ற பயத்தில் அவர் செய்து வைத்த சரக்கு அது. கீச்சிரோவும் ஓனோவும் இருப்பு உண்டாகும் காரணத்தை ஒழித்தார்கள். நம்மில் பலர் இருப்பை அடுத்தவர் வீட்டுத் திண்ணைக்குத் தள்ளிவிட்டு, நம் வீடு சுத்தம் என்றோம்.

பொருள் நேரத்துக்கு வர வேண்டும், சரி. பணம்? குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம், எந்த ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் கூட்டு வட்டி. 45 நாளுக்குள் கொடுக்காத தொகையைச் செலவாகக் காட்ட விடாமல் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு விதி 2024 ஏப்ரல் முதல் வந்திருக்கிறது. விதி மேல் விதி போட வேண்டியிருக்கிறதென்றாலே நிலைமை புரியும். பத்து நிமிடத் தாமதத்துக்கு அபராதம் போடும் கடிகாரமும் பில்லுக்குத் தொண்ணூறு நாள் எடுக்கும் நாட்காட்டியும் ஒரே அலுவலகத்தின் ஒரே சுவரில் தொங்குகின்றன.

இந்தத் தள்ளிவிடுதல் சப்ளையரோடு நிற்பதில்லை. விடியுமுன் உத்திரமேரூர் பேருந்து நிறுத்தத்தில், சாப்பாட்டுப் பையோடு கம்பெனிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகளைப் பாருங்கள். வாலாஜாபாத் வழியாக ஒரகடம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எட்டு மணி நேர ஷிப்டுக்கு அந்தப் பிள்ளை வீட்டை விட்டு வெளியே இருப்பது பதினொரு மணி நேரம். நிரந்தரத் தொழிலாளி கொஞ்சம் பேர். டிரெய்னி, அப்ரண்டிஸ், காண்ட்ராக்ட் என்ற பெயர்களில் மற்றவர்கள். ஆர்டர் கூடினால் ஓ.டி., குறைந்தால் “நாளைக்கு வர வேண்டாம்” என்று இரவில் வரும் வாட்ஸ்அப் செய்தி. தேவைப்படும்போது, தேவைப்படும் அளவில், தேவைப்படும் நேரத்தில் என்று போல்ட்டுக்கு எழுதிய விதியைப் பிள்ளைகளுக்கும் எழுதிவிட்டோம். ஆலைக்குள் தேங்காத சரக்கு இந்த ஊர்களின் திண்ணைகளில் வேலையில்லாத நாட்களாகத் தேங்குகிறது.

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்து, 2022 ஜூலையில் மறைமலைநகரிலிருந்து கடைசிக் காரை அனுப்பியது. அந்த ஆலைத் தொழிலாளருக்கு இழப்பீடு பற்றிப் பேச்சுவார்த்தையாவது நடந்தது. அதற்கு இருக்கையும் பம்பரும் செய்துகொடுத்த சின்ன ஆலைகளின் காண்ட்ராக்ட் பிள்ளைகளோடு பேச, மேசையில் ஒரு நாற்காலிகூடப் போடப்படவில்லை.

இன்னொன்று கேட்கிறேன். மூன்று மாத டிரெய்னி ஒருவன் பழுதைப் பார்த்துவிட்டான். தலைக்கு மேலே கயிறு தொங்குகிறது. இழுப்பானா? இழுத்தால் அடுத்த மாதம் புதுப்பிப்பார்களா என்ற பயம் இருக்கும்வரை இழுக்க மாட்டான். பழுது காரோடு போகும். இதைத்தான் இரண்டாவது கால் நொண்டுகிறது என்றேன். இரக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு ஸ்டோர்ஸ்காரனின் லாப நஷ்டக் கணக்காகவே சொல்கிறேன்.

இது கார் ஆலையோடு முடிகிற நோயும் இல்லை. நவரை அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலைய வாசலைப் பாருங்கள். அறுவடை இயந்திரம் ஒரே வாரத்தில் ஊர் முழுக்க அறுத்துக் கொட்டிவிடுகிறது. ஆனால் சாக்கும் லாரியும் தங்கள் பழைய நடையில்தான் வருகின்றன. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கும் நெல்லின் மேல் கோடை மழை பெய்யும் என்பது விதியின் விளையாட்டு. அங்கே இருப்பு யார் வீட்டில்? விவசாயி வீட்டில். காஞ்சிபுரத்து நெசவாளி வீட்டிலோ, பாவு வராத நாட்களில் தறிக்குழியில் காத்திருப்பு உட்கார்ந்திருக்கும்.

ஏரியும் மதகும்

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். நான் இந்த ஊர் ஏரிக்கரையில் நின்று யோசித்ததைச் சொல்கிறேன்.

ஏரி ஒரு மாபெரும் இருப்பு. மூன்று மாத மழையை ஆண்டின் மற்ற மாதங்களுக்கு வைத்திருக்கிறது. ஆனால் வயலுக்கு அது ஜஸ்ட் இன் டைம். மதகைத் திறந்து, முறை வைத்து, இன்றைக்கு இந்தக் கால்வாய், நாளைக்கு அந்தக் கால்வாய் என்று அளந்து விடுவார்கள். தன் வயலுக்கென்று தனிக் குளம் யாரும் வெட்டிக்கொள்ளவில்லை. கடைமடைக்காரன் தலையில் எல்லா வறட்சியையும் தள்ளிவிடவும் முடியாது, ஊர் கேட்கும். பொது இருப்பு, அளந்த ஓட்டம், முறை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள ஓர் ஏரி வாரியம் வைத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அதற்குச் சாட்சியாக, முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் நிற்கின்றன.

ஆலைக்கு அதை எப்படிப் பெயர்ப்பது? கிடைக்க நாளாகும் பாகங்களுக்குச் சிப்காட் பூங்காவுக்குள்ளேயே பொதுக் கிடங்கு இருக்கட்டும். வாடகையை வாங்குபவரும் விற்பவரும் பகிரட்டும். அடுத்த வார உற்பத்தித் திட்டத்தை உறுதியாகச் சொல்லட்டும். சொன்னபின் மாற்றினால், அதற்குள் செய்த சரக்குக்கு மாற்றியவர் பொறுப்பு. பில்லுக்கும் லாரியைப் போல நேரம் குறிக்கட்டும். பிள்ளைகளுக்கு ஷிப்ட் பட்டியல் ஒரு வாரம் முன்னால் கையில் கிடைக்கட்டும். வரச்சொல்லி வந்தபின் திருப்பி அனுப்பினால் பாதிக் கூலியாவது கிடைக்கட்டும். கயிற்றை இழுத்தவனைத் தட்டிக்கொடுக்கட்டும். இவற்றில் எதுவும் புரட்சி இல்லை. மூன்று நிமிடத்தில் அச்சு மாற்றக் கற்றவர்களுக்கு இவை முடியாத காரியமும் இல்லை.

மாணவர்களே, உங்களில் பலர் சில மாதங்களில் அந்தப் பேருந்தில் ஏறப்போகிறீர்கள். நல்ல தொழில் அது. கற்க நிறைய இருக்கிறது. சிலர் சூப்பர்வைசராகவும் மேலாளராகவும் வருவீர்கள். ‘எத்தனை நாள் இருப்பு?’ என்று அங்கே எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் இன்னொன்றும் கேளுங்கள்: குறைந்த இருப்பு யார் வீட்டுக்குப் போனது? காத்திருக்கும் நேரம்தான் சரக்கு என்றேன். அந்த நேரம் லாரி ஓட்டுநருடையதாகவும் சப்ளையருடையதாகவும் நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளையுடையதாகவும் இருந்தால் அது கணக்கில் வராது. ஆனால் இல்லாமல் போகாது.

வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலைக்குப் பெயர் எழுத இந்த ஊர்ச் சபை வைத்த தகுதிகளை எல்லோரும் மேடையில் பெருமையாகச் சொல்வோம்: 35 வயதுக்கு மேல், 70க்குக் கீழ், சொந்த மனையில் வீடு. ஒரு ஸ்டோர்ஸ்காரனாக எனக்குப் பிடித்தது வேறொன்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரையும் அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் இடக்கூடாது என்று அவர்கள் கல்லில் வெட்டிவைத்தார்கள். லாரியில் இரண்டு இரவு இருந்த அந்த ஓட்டுநரின் கணக்கை நான் இதுவரை எங்கும் காட்டியதில்லை. இந்த ஊரில், இந்த மேடையில் காட்டிவிட்டேன்.